ஒரு பேக்கிங் தாளின் சரித்திரம்

மேனிஃபோல்டு பேக்கிங் பற்றி பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறவள் எதற்காக எழுத வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பாவின் அம்பாசடர். 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. பெரியப்பா அதை விற்கவும் மாட்டார், செலவு செய்யவும் மாட்டார். "டேய், வண்டி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பது அவருடைய மொத்த பராமரிப்புக் கொள்கை. (என்னையும் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். பழகிவிட்டது.)

போன மழைக்காலத்திலிருந்து வண்டி காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடினால் சத்தம் தானாக அடங்கிவிடும். டேப்பட் சத்தம் என்று பெரியப்பா சாதித்தார். காஞ்சிபுரம் வரை போய்விட்டு வந்த அன்று பெரியம்மாவுக்கு தலைவலி, குமட்டல். வெயில் என்று சொல்லி மோர் கொடுத்துப் படுக்கவைத்தோம். அடுத்த பயணத்திலும் அதே தலைவலி. அந்த முறை வெயிலே இல்லை. அப்போதுதான் வண்டியை பாய் ஷெட்டுக்கு விட்டார் பெரியப்பா.

பாய் இந்த எஞ்சினோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, இன்னொரு முனையை எஞ்சின் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "பாப்பா, இங்க கேளு" என்றார். கேட்டேன். ஓட்டை விழுந்த ஊதுகுழல் மாதிரி இருந்தது. மேனிஃபோல்டு பேக்கிங் போய்விட்டது. எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொள்ளும், அதனால்தான் சத்தம் அடங்கியது. அடங்கியது சத்தம்தான், கசிவு முழுதாக அடங்கவில்லை. கசிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசனை கிடையாது. பானெட்டுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், நாற்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து விழுந்த துளைகள் ஏராளம். பெரியம்மாவின் தலைவலி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

பாய் கழற்றிக் கொடுத்த பழைய பேக்கிங்கைக் கையில் வாங்கினேன். மேலே கருத்துப்போன தகடு, உள்ளே சாம்பல் நிறத்தில் நார் நாராக ஏதோ ஒன்று. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைப் பாய் உளியால் சுரண்டி, வாயால் 'உஃப்' என்று ஊதினார். தூசி எழும்பி என் மூக்கு வரை வந்தது. "என்ன பாய் இது?" என்றேன். "கல்நாரு. அந்தக் காலத்து அசல் சரக்கு" என்றார் பெருமையாக.

புதிதாகப் போட என்னென்ன கிடைக்கும் என்று கேட்டால் மூன்று வழி சொன்னார். ஒன்று, பழைய ஸ்டாக்கில் கிடக்கும் அதே மாதிரி தகடு மூடிய கல்நார் பேக்கிங். இரண்டு, பேக்கிங் ஷீட் வாங்கி சுத்தியலால் தட்டி அவரே வெட்டிக்கொடுப்பது. மூன்று, கிராஃபைட்டில் செய்த புதியது, விலை கூட. பெரியப்பா கொடுத்த உச்சவரம்பு, கூலி தவிர ஆயிரம் ரூபாய். "நீதான காமர்ஸ் படிக்கிற, பாத்து முடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்து முடிக்க உட்கார்ந்த நான் இரண்டு வாரம் லைப்ரரியும் நெட்டுமாக அலைந்து, ஒரு தாளின் சரித்திரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

ஆங்கிலத்தில் கேஸ்கெட் என்ற சொல் முதலில் கப்பலில் இருந்தது. சுருட்டிய பாயை மரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றுக்கு அந்தப் பெயர். கயிறு எப்படி எஞ்சினுக்குள் வந்தது என்றால், ஆரம்பகால நீராவி எஞ்சின்களில் இடைவெளியை அடைத்ததே கயிறுதான். 1712இல் நியூகோமன் செய்த எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றித் தோல், அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஜேம்ஸ் வாட் சணலைக் கொழுப்பில் தோய்த்துச் சுற்றினார். இரும்பை உருண்டையாகக் கடைய அப்போது யாருக்கும் சரியாக வரவில்லை, அதனால் சணல்தான் அந்தக் குறையை மறைத்தது. இரண்டு உலோகப் பரப்புகள் எப்போதும் முழுதாகப் பொருந்தாது, நடுவில் விட்டுக்கொடுக்கிற ஒன்று வேண்டும். பேக்கிங்கின் வேலை அன்றும் இன்றும் இவ்வளவுதான்.

பிறகு ரப்பர் வந்தது. தண்ணீருக்கும் குறைந்த அழுத்த நீராவிக்கும் ரப்பர் போதும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவியை மேலும் மேலும் சூடாக்கினால் நிலக்கரி மிச்சமாகும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சூட்டில் ரப்பர் கருகியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் க்ளிங்கர் அப்போது ஒரு காரியம் செய்தார். கல்நார் இழையை ரப்பர் பசையோடு பிசைந்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தாளாக எடுத்தார். அதற்கு க்ளிங்கரிட் என்று பெயர் வைத்தார். கத்தரியால் வெட்டலாம், நீராவிக்கு அசையாது, விலையும் மலிவு. இன்றைக்கும் நம் ஊர் ஹார்டுவேர் கடையில் சுருட்டி வைத்திருக்கும் பேக்கிங் ஷீட் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

கல்நார் என்ற நம் சொல்லைக் கவனியுங்கள். கல்லும் நாரும். கல்லாக இருந்துகொண்டு பஞ்சு மாதிரி பிரியும், நூலாக நூற்கலாம், எரியாது. கனடாவின் கியூபெக்கில் அது மலைமலையாகக் கிடைத்தது. நம் பக்கம் கடப்பா மாவட்டம் புலிவெந்துலாவிலும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கார் என்ற ஒன்று வந்தபோது அதற்கென்றே கடவுள் படைத்த பொருள் மாதிரி கல்நார் தயாராக இருந்தது. பிரேக், கிளட்ச், ஹெட் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங் என்று சூடுபடும் இடத்திலெல்லாம் அதுதான்.

கார் பேக்கிங் தனித் தொழிலாக வளர்ந்ததில் சிக்காகோவுக்குப் பெரிய பங்கு. விக்டர் என்ற கம்பெனி 1909இல் அங்கே தொடங்கியது. ஃபெல்-புரோ 1918இல் தொடங்கியது, ஃபோர்டு மாடல் டி வண்டிக்கு கம்பளி வாஷர் செய்வதில் ஆரம்பித்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், வண்டி செய்தவனை விட வண்டிக்கு வாஷர் செய்தவன் நீண்ட காலம் நிம்மதியாகச் சம்பாதித்தான் என்பதுதான். ஒரு வண்டியை ஒரு முறைதான் விற்க முடியும். பேக்கிங்கை ஒவ்வொரு முறை எஞ்சின் பிரிக்கும்போதும் விற்கலாம்.

சரி, அம்பாசடருக்கு வருவோம். இந்த எஞ்சினின் கதை தெரியாமல் பேக்கிங் ஏன் நடுவில் மட்டும் போகிறது என்று புரியாது.

1947இல் ஆஸ்டின் கம்பெனி ஏ40 டெவான் காருக்காக 1200 சி.சி. எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. (இந்த ஏ40 கார்களைத்தான் 1949 முதல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிக்கொண்டிருந்தது. அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது பிறகு.) 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆனபோது, அந்த எஞ்சினை 1489 சி.சி.க்குப் பெரிதாக்கி, 'பி-சீரிஸ்' என்று பெயர் வைத்து, கையில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் போட்டார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதுதான், எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுதான். 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் அதே குடும்பத்து எஞ்சின் 1798 சி.சி. ஆக இருந்தது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை பிர்லாக்கள் 1942இல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கி, 1948இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு மாற்றினார்கள். 1950களின் பிற்பகுதியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை வாங்கி அம்பாசடர் ஆக்கினார்கள். முதலில் பழைய சைடு வால்வு எஞ்சின் இருந்தது, சீக்கிரமே 1489 சி.சி. பி-சீரிஸ் வந்துவிட்டது. இங்கிலாந்தில் அந்த எஞ்சின் 1980இல் எம்.ஜி.பி.யோடு கிட்டத்தட்ட முடிந்தது. நம் ஊரில் 1990களில் இசுசு எஞ்சின் வந்த பிறகும் டீசல் வடிவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அம்பாசடர் வெளியே வந்தது 2014இல். 2017இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றார்கள். (குட்வில் வேல்யூவேஷன் வகுப்பில் இந்த உதாரணத்தை ஏன் யாரும் சொல்வதில்லை?)

இனி அந்த எஞ்சினின் தலை. ஹாரி வெஸ்லேக் என்பவர் வடிவமைத்தது. நான்கு சிலிண்டருக்கு நான்கு உள்வழி, நான்கு வெளிவழி என்று எட்டுத் துளை இருக்க வேண்டும்தானே? இதில் ஐந்துதான். புஷ்ராடுகளும் துளைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இடம் போதவில்லை. அதனால் ஒன்றாம் இரண்டாம் சிலிண்டர்கள் ஒரு உள்வழியைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. வெளியே போகும் வழியில் ஒன்றுக்கும் நான்குக்கும் தனித்தனி, நடுவில் இருக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் சேர்த்து ஒரே துளை. இரண்டு வீட்டுச் சமையலறைப் புகை ஒரே புகைக்கூண்டில் போவது போல. அந்த நடுத் துளைதான் அதிகம் சூடாகும். பெரியப்பா வண்டியில் பாய் என் காதுக்குக் காட்டிய இடமும் அதுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே இழுக்கும் மேனிஃபோல்டும் வெளியே தள்ளும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து உட்காருகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீள பேக்கிங். ஒரே ஸ்டட்டில் ஒரு கனமான வாஷர் போட்டு, அந்த வாஷரின் ஒரு பாதி இந்த மேனிஃபோல்டையும் மறுபாதி அந்த மேனிஃபோல்டையும் அழுத்தும். இரண்டின் விளிம்பு கனமும் ஒன்றாக இருந்தால்தான் அழுத்தம் சமமாக விழும். ஒன்றைச் சாணை பிடித்துத் தேய்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், என்ன விலையில் பேக்கிங் வாங்கினாலும் ஒரு பக்கம் ஊதும். ஒரே தாள், ஆனால் ஒரு பக்கத்தில் குளிர்ந்த காற்றும் பெட்ரோலும், கைப்பிடி தூரத்தில் எழுநூறு டிகிரியைத் தொடும் புகை. உள்வழிப் பக்கம் கசிந்தால் கூடுதல் காற்று புகுந்து ஐடிலிங் தள்ளாடும். வெளிவழிப் பக்கம் கசிந்தால் பெரியம்மாவுக்குத் தலைவலி.

இந்த வேலைக்கு அந்தக் காலத்தில் கல்நாரை விட்டால் வேறு கதி இல்லை என்று எனக்கே தோன்றியது. அது சூட்டையும் தாங்கும், அமுங்கியும் கொடுக்கும். அதன் மேல் செம்போ இரும்புத் தகடோ மூடினால் புகை நேரடியாக அரிக்காது.

நம் நாட்டில் இது எப்படித் தயாராக ஆரம்பித்தது என்பதற்குப் பின்னால் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. 1953இல் டாரிஃப் கமிஷன், வெறுமனே பெட்டியில் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை, படிப்படியாக இங்கேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். இருந்தவர்களுக்குப் பாகங்கள் உள்ளூரிலேயே வேண்டியிருந்தது. 1956இல் பிரிட்டனின் கூப்பர்ஸ் பேயன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டால்ப்ராஸ் பேக்கிங் தயாரிப்பைத் தொடங்கியது அந்தச் சூழ்நிலையில்தான். லைசன்ஸ் ராஜ்யத்தை நாங்கள் பரிட்சையில் இரண்டு பக்கம் திட்டி எழுதுவோம். ஆனால் 1984 வண்டிக்கு இன்றைக்கும் புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கிறது என்றால் அதற்கு அந்த ராஜ்யமும் ஒரு காரணம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். அடுத்துப் படித்தது ராச்டேல்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ராச்டேல் ஒரு மில் ஊர். அங்கே நெல்லி கெர்ஷா என்ற பெண் பன்னிரண்டு வயதில் கல்நார் வேலைக்குப் போனார். பிறகு டர்னர் பிரதர்ஸ் கம்பெனியில் கல்நாரை நூலாக நூற்கும் வேலை. மூச்சு வாங்க ஆரம்பித்து, வேலை செய்ய முடியாமல், 1924 மார்ச்சில் இறந்தார். வயது 33. கம்பெனி நஷ்ட ஈடு எதுவும் தர மறுத்துவிட்டது. பிரேத பரிசோதனை செய்த டாக்டர் வில்லியம் குக், நுரையீரலில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1927இல் அந்த நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வந்தது. அடுத்து அரசாங்க மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்தார். 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறி இருந்தது. அறிக்கை 1930இல் வந்தது, 1931இல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் போட்டார்கள்.

விதிகள் யாருக்கு? கல்நார்ப் பொருள் தயாரிக்கும் ஆலையின் குறிப்பிட்ட பகுதிகளுக்கு. அங்கே செய்த தாளை வாங்கி, வெட்டி, பொருத்தி, பிறகு சுரண்டி எடுக்கிறவனுக்கு அந்த விதிகளில் இடமே இல்லை. பாய் மாதிரி ஆட்கள் கணக்கிலேயே வரவில்லை.

1955இல் ரிச்சர்ட் டால், அதே ராச்டேல் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் பத்து மடங்கு என்று காட்டினார். கட்டுரை வெளிவராமல் தடுக்க கம்பெனி முயன்றது, நடக்கவில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் கூட இருந்தவர்களும், கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் 33 பேருக்கு வந்ததைப் பதிவு செய்தார்கள். அதில் சிலர் சுரங்கத்தில் வேலையே பார்த்ததில்லை, பக்கத்தில் குடியிருந்தவர்கள்! தூசி உள்ளே போய் நோய் வெளியே வர இருபது, முப்பது, நாற்பது வருடம் கூட ஆகும். இந்த இடைவெளிதான் எல்லாக் கம்பெனிகளுக்கும் வசதியாக இருந்தது.

இப்போது என் பாடத்துக்கு வந்துவிட்டேன். ஏ.எஸ். 29 என்று ஒரு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு இருக்கிறது: வரப்போகும் பொறுப்புகளை எப்போது கணக்கில் காட்டவேண்டும், எப்போது அடிக்குறிப்போடு நிறுத்தலாம் என்பது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோனது. கல்நார்க் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் நாற்பது வருடம் கழித்து வரப்போகும் இருமல் எங்கேயும் இல்லை. லாபம் வந்தது, டிவிடெண்ட் போனது. அதனால்தான் பேக்கிங் மலிவாக இருந்தது.

பில் வந்தது 1982இல். அமெரிக்காவின் மிகப்பெரிய கல்நார்க் கம்பெனியான ஜான்ஸ்-மேன்வில் அந்த ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. கையில் பணம் இருந்தது, வியாபாரம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் சுமார் 16,500 வழக்குகள் நிலுவையில் இருந்தன, இன்னும் எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது. நன்றாக ஓடும் கம்பெனி திவால் மனு போட்டது அப்போது பெரிய அதிர்ச்சி. 1988இல் ஒரு அறக்கட்டளை வைத்து நஷ்ட ஈடு கொடுக்க ஏற்பாடானது. ராச்டேல் கம்பெனி, டர்னர் அண்ட் நியூவால் என்ற பெரிய குழுமமாகி, 1998இல் ஃபெடரல்-மோகல் கைக்குப் போனது. அதே வருடம் சிக்காகோ ஃபெல்-புரோவையும் ஃபெடரல்-மோகல்தான் வாங்கியது. வாங்கியவர்கள் ஆலைகளோடு சேர்த்து வழக்குகளையும் வாங்கினார்கள். மூன்றே வருடத்தில், 2001 அக்டோபரில், அவர்களும் திவால் மனு.

பிரிட்டன் வெள்ளைக் கல்நாரையும் 1999இல் தடை செய்தது. உலகத்துக்கே விற்றுக்கொண்டிருந்த கனடா 2018இல் தடை செய்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை உத்தரவு போட்டது, அதிலும் பேக்கிங்குகளுக்குக் கொஞ்சம் தவணை கொடுத்து. நம் நாட்டில் 1995இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை நாற்பது வருடம் பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. வெட்டி எடுக்கப் புது லைசன்ஸ் 1986இலிருந்து கொடுப்பதில்லை. ஆனால் இறக்குமதிக்கும் உபயோகத்துக்கும் முழுத் தடை இல்லை. அதனால் கடையில் பேக்கிங் ஷீட் வாங்கினால் அதில் 'ஐ.எஸ். 2712' என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கல்நார்த் தாள். அந்த எண்ணே கல்நார்த் தாளுக்கான தரக் குறியீடுதான்.

மாற்றாக வந்த கிராஃபைட்டின் கதையில் ஒரு வேடிக்கை. கிராஃபைட் செதில்களை அமிலத்தில் ஊறவைத்து, திடீரென்று கடும் சூடு காட்டினால், சோளம் பொரிவது போல் நூறு மடங்குக்கு உப்பும். அதை உருளையில் அழுத்தினால் பசையே இல்லாமல் தாளாக ஒட்டிக்கொள்ளும். ரப்பர் இல்லாததால் கருக ஒன்றும் இல்லை. 1960களில் இதைக் கொண்டுவந்தது யூனியன் கார்பைடு. ஆமாம், போபால் யூனியன் கார்பைடுதான். அதே வருடங்களில் அவர்கள் கலிபோர்னியாவில் கல்நார்ச் சுரங்கமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். கல்நாருக்கு மாற்று கண்டுபிடித்தது உடல்நலத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி பாய் ஷெட்டுக்குப் போனேன். மூன்று வழிகளையும் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

கையால் வெட்டும் ஷீட்தான் மிக மலிவு. அது கார்புரேட்டர் அடிக்கும் தண்ணீர் பம்புக்கும் சரி. வெளிவழிப் பக்கத்துச் சூட்டில் ரப்பர் பசை கருகி ஆறு மாதத்தில் மறுபடி பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கூலி, ஒவ்வொரு முறையும் துருப்பிடித்த ஸ்டட் உடையும் அபாயம். ஒரு ஸ்டட் ஹெட்டுக்குள் உடைந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. பழைய ஸ்டாக் கல்நார் பேக்கிங் வேலையில் குறை சொல்ல முடியாது, விலையும் முந்நூறுக்குள். பாய்க்கு அதுதான் இஷ்டம். கிராஃபைட்டில் நல்லது இங்கிலாந்திலிருந்து எம்.ஜி.பி.க்கு என்று விற்கிறார்கள், ஆனால் தபால் செலவு சரக்கின் விலையைத் தாண்டுகிறது. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில், உள்ளே துளையிட்ட இரும்புத் தகடும் இருபுறமும் கிராஃபைட்டுமாக உள்நாட்டுச் சரக்கு ஒன்று இருந்தது. 780 ரூபாய். பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் பையோடு எடுத்துப் போய் மேலே வைத்துப் பார்த்தேன், ஐந்து துளையும் பொருந்தியது. ஒரே குடும்பத்து எஞ்சின் என்றாலும் துளை அளவு மாறலாம், வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பேக்கிங் துளை சிறியதாக இருந்து ஓரம் புகைவழியில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓரம் முதலில் எரியும்.

மிச்சம் 220 ரூபாயில் பித்தளை நட்டுகள் ஆறு. பித்தளை நட் துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை பிரிக்கும்போது ஸ்டட் உடையாது. பெரியப்பாவிடம் இதை விளக்க அரைமணி நேரம் ஆனது.

பாயிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்பது வருடமாகச் செய்கிற வேலையை, நேற்று நெட்டில் படித்தவள் போய் எப்படித் தப்பு என்று சொல்வது? நான் ராச்டேல் கதையைச் சொன்னேன். அவர் சுரண்டிக்கொண்டே கேட்டார். "எங்க உஸ்தாதும் இருமி இருமித்தான் போனாரு. பீடின்னு சொன்னாங்க" என்றார். பிறகு எதுவும் சொல்லவில்லை. பீடியாகவே இருந்திருக்கலாம், அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை.

ஆனால் ஹெட்டில் மிச்சம் ஒட்டியிருந்ததை எடுக்கும்போது, பையனை விட்டு ஒரு குவளை சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நனைத்து, மரத்துண்டால் தள்ளி, ஈரத்தோடு அப்படியே என் பிளாஸ்டிக் பையில் போட்டார். காற்றுக் குழாயை எடுத்த பையனை "வைடா அத" என்று அதட்டினார். மேனிஃபோல்டு விளிம்பில் ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம், நடுவில் மெல்லியதாகத் தெரிந்தது. இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாகத் தேய்த்தார், கனம் மாறாமல் இருக்க. பிறகு பேக்கிங், வாஷர், பித்தளை நட், நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் இல்லை. பெரியம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார், தலைவலி இல்லை என்றார். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், அதற்கு இன்னும் அறுபது பாக்கி. துளையெல்லாம் அடைக்கப் புது ரப்பர் வாங்கவேண்டும் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "வண்டி ஓடுதுல்ல?" என்கிறார்.